பதிவுச் செய்தியின் வடிவம்: தன்லியின் நகரிலிருந்து ஒரு பார்வை

படங்களும் பொத்தான்களும் இல்லாமல், எழுத்தில் தட்டப்படும் கட்டளையை ஏற்று எழுத்திலேயே விடை தரும் நிரல்களைக் கட்டளைவரி நிரல்கள் என்பர். கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுப்பவை, தரவுத்தளங்களைக் காப்புப்படி எடுப்பவை, இரவில் கணக்குகளைச் சரிபார்ப்பவை எனப் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஓடும் வேளையில் அருகே ஆள் இருப்பது அரிது என்பதால், தாம் என்ன செய்தன, எப்போது செய்தன, எங்கே தடைப்பட்டன என்பதை இவையே வரிவரியாக எழுதிவைக்கின்றன. அவ்வரி ஒவ்வொன்றும் ஒரு பதிவுச் செய்தி. துறையினர் அதை ‘லாக்’ என்று வழங்குவர். ஏதேனும் பழுது நேர்ந்த பின்னர் நடந்ததை அறிய இவ்வரிகளே சான்று என்பதால், அவற்றின் வடிவம் தெளிவாக இருப்பதும், படிப்பவரின் தேவைக்கேற்ப அவ்வடிவத்தை மாற்ற முடிவதும் நிரலின் தரத்தைத் தீர்மானிக்கும் கூறுகளாகின்றன.

இப்பொருளை ஆராய்வதற்கு மியன்மாரின் தன்லியின் நகரம் பொருத்தமான களம். யாங்கோனுக்கு எதிரே, பகோ ஆற்றின் மறுகரையில் அமைந்த இந்நகரம் ஆங்கிலேயர் காலத்தில் சிரியம் என்று அழைக்கப்பட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இங்கே இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இவ்வட்டாரத்தில் வாழ்ந்துவருகின்றன. 2002இல் தொடங்கப்பட்ட மியன்மார் கடல்சார் பல்கலைக்கழகமும், தன்லியின், கியாவுக்தான் ஆகிய இரு நகரியங்களிலும் பரவி 2015இல் செயல்படத் தொடங்கிய திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலமும் இங்குள்ளன. இந்நகரின் கடிகாரம் உலகப் பொதுநேரத்துக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கு வழங்கும் பர்மிய எழுத்தின் கணினிக் குறியேற்றமோ அண்மைக்காலம் வரை ஒரே சீராக இருக்கவில்லை. இவ்விரு காரணங்களால், முழு மணி நேரக் கணக்கையும் ரோமன் எழுத்தையும் மட்டும் எண்ணி எழுதப்பட்ட நிரல்களின் பதிவு வடிவில் மறைந்துகிடக்கும் குறைகள் இங்கே எளிதில் வெளிப்படுகின்றன.

விடையும் செய்தியும்

கட்டளைவரி நிரல் எழுதும் எழுத்து எல்லாம் ஒரே வகையானதன்று. கேட்ட கேள்விக்கான விடை ஒரு வகை; அவ்விடையைத் தேடும் வழியில் நிகழ்ந்தவை பற்றிய குறிப்பு மற்றொரு வகை. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளம் 1970களில் இவ்விரண்டுக்கும் தனித்தனி வெளியீட்டு வழிகளை அமைத்தது. விடை இயல்பு வெளியீட்டில் செல்லும்; அதன் எண் 1. குறிப்புகளும் எச்சரிக்கைகளும் பிழை வெளியீட்டில் செல்லும். அதன் எண் 2. யூனிக்ஸில் ஒரு நிரலின் விடையை மற்றொரு நிரலுக்கு உள்ளீடாகக் கொடுப்பது வழக்கம் ஆதலால், சரக்குப் பட்டியலைத் தர வேண்டிய நிரல் அதன் நடுவே “கோப்பு திறக்கப்பட்டது” என்ற குறிப்பையும் கலந்து அனுப்பினால், அடுத்த நிரல் அக்குறிப்பையும் ஒரு சரக்கின் பெயராகவே எடுத்துக்கொள்ளும். பதிவு வெளியீட்டை விருப்பப்படி அமைப்பதன் முதல் படி, பதிவை விடையிலிருந்து பிரித்து வைப்பதே ஆகும். அவ்வாறு பிரித்துவைத்தால், பயனர் நிரலின் உட்பகுதியைத் தொடாமலேயே விடையைத் திரையிலும் பதிவை ஒரு கோப்பிலும் பெற்றுக்கொள்ளலாம்.

செய்தியின் கனம்

எல்லாச் செய்திகளும் ஒரே கனம் உடையவை அல்ல. 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் தமது ‘சென்ட்மெயில்’ அஞ்சல் நிரலுக்காக உருவாக்கிய ‘சிஸ்லாக்’ என்னும் முறை, செய்திகளை எட்டு நிலைகளாக வகுத்தது. கணினியே பயன்படாத நெருக்கடிக்கு 0, பிழைக்கு 3, எச்சரிக்கைக்கு 4, பொதுத் தகவலுக்கு 6, நிரலரின் ஆய்வுக்கான நுண்குறிப்புக்கு 7 என எண் ஏற ஏறச் செய்தியின் கனம் குறையும். பைத்தான் மொழியில் இதற்கு நேர்மாறாக, நுண்குறிப்புக்கு 10, தகவலுக்கு 20, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40, நெருக்கடிக்கு 50 என எண்ணோடு கனமும் ஏறும். இரு முறைகளிலிருந்தும் வரும் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்ப்போர் இந்த முரணை மனத்தில் கொள்ள வேண்டும்.

நிலைகளின் பயன் வடிகட்டுவதில் இருக்கிறது. அன்றாடம் நிரலை இயக்குபவருக்கு எச்சரிக்கையும் அதற்கு மேற்பட்டவையும் தெரிந்தால் போதும்; பைத்தான் முறையின் இயல்பான அமைப்பும் இதுவே. பழுதைத் தேடுபவருக்கோ நுண்குறிப்புகள் அனைத்தும் தேவைப்படும். ஆகவே நல்ல கட்டளைவரி நிரல்கள், கட்டளையோடு ஒரு சிறு விருப்பக் குறியைச் சேர்த்தால் விரிவாகப் பேசவும், வேறொரு குறியைச் சேர்த்தால் வாய்மூடவும் அமைக்கப்படுகின்றன. எவ்வளவு பேச வேண்டும் என்பதை நிரலை எழுதியவர் முன்கூட்டியே உறுதியாகக் கட்டிவைத்துவிட்டால், அந்த நிரல் ஒருவருக்கு ஓயாத இரைச்சலாகவும் இன்னொருவருக்குப் பயனற்ற மௌனமாகவும் முடியும்.

வடிவத்தைத் தனியே பிரித்தல்

பதிவுத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் முக்கியமான கருத்து, செய்தியை எழுதும் வேலையையும் அச்செய்திக்கு வடிவம் தரும் வேலையையும் வேறுவேறாகப் பிரித்ததாகும். 2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 பதிப்பில் சேர்க்கப்பட்ட பதிவு நூலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வினய் சஜிப், டிரென்ட் மிக் ஆகிய இருவர் முன்வைத்த அதன் திட்டத்தில் நான்கு உறுப்புகள் உள்ளன. செய்தியைப் பெற்றுக்கொள்வது முதல் உறுப்பு. தேவையற்றதைக் கழிப்பது இரண்டாவது. திரை, கோப்பு, வலையமைப்பு என எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது மூன்றாவது. வரியின் தோற்றத்தை அமைப்பது ‘பார்மாட்டர்’ எனப்படும் நான்காவது. நிரலர் தம் நிரலின் நடுவே “கோப்பு கிடைக்கவில்லை” என்று மட்டும் எழுதுகிறார். அதற்கு முன்னால் நேரம் வர வேண்டுமா, நிரலின் பெயர் வர வேண்டுமா, எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து செய்தி பிறந்தது என்பதும் வர வேண்டுமா என்பதை ஒரு வார்ப்புரு தீர்மானிக்கிறது. வார்ப்புரு என்பது நேரம், நிலை, செய்தி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய ஒற்றை வரி. அதை மாற்றினால், நிரலின் நூற்றுக்கணக்கான செய்திகளும் ஒரே நேரத்தில் புது வடிவம் பெறும்.

இவ்வுரிமையை நிரலருக்கு மட்டுமன்றிப் பயனருக்கும் நேரடியாகக் கொடுத்த நிரல்கள் உண்டு. 1996இல் வெளியான ‘ஆர்சிங்க்’ என்னும் கோப்பு ஒத்திசைவு நிரல் அவற்றுள் ஒன்று. தான் நகலெடுக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் எவ்வகை வரி எழுதப்பட வேண்டும் என்பதைச் சிறு குறிகளால் ஆன வார்ப்புருவாகக் கட்டளையிலேயே தெரிவிக்க அது இடமளிக்கிறது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இன்று இயங்கும் ‘சிஸ்டம்டி’ அமைப்பின் பதிவேடு இன்னும் ஒரு படி மேலே சென்று, பதிவுகளைக் கூறுகூறாகப் பிரித்துச் சேமித்துவிட்டு, படிக்கும் வேளையில் மட்டும் வடிவம் தருகிறது. ஒரே பதிவைச் சுருக்கமாகவோ விரிவாகவோ, உள்ளூர் நேரத்திலோ உலகப் பொதுநேரத்திலோ படிப்பவர் கேட்டபடி அது காட்டும். எழுதும்போது எதையும் இழக்காமல் சேமிப்பதும், காட்டும்போது வேண்டியதை மட்டும் காட்டுவதுமான இந்த முறையே சிறந்த முறை எனலாம்.

ஆறரை மணி நேரக் கணக்கு

வார்ப்புருவின் உறுப்புகளுள் மிகுந்த கவனத்தை வேண்டுவது நேரமுத்திரை, அதாவது நிகழ்ச்சி நடந்த நேரத்தின் குறிப்பு. கிழக்குத் தீர்க்கரேகை 97 பாகை 30 கலையை அடிப்படையாகக் கொண்ட மியன்மார் நேரம், உலகப் பொதுநேரத்துக்கு 6 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பது. இந்திய நேரம் 5 மணி 30 நிமிடமும் சிங்கப்பூர் நேரம் 8 மணியும் முன்னால் இருப்பவை. தன்லியினில் ஒரு கிடங்கின் சரக்குக் கணக்கை எழுதும் நிரல் ஒன்று இயங்குவதாகவும், அது அனுப்பும் தரவைச் சென்னையில் உள்ள மற்றொரு கணினி பெறுவதாகவும் கொள்வோம். தன்லியின் நிரல் 14:05 மணிக்குத் தரவை அனுப்பியதாக எழுதுகிறது. ஐந்து நிமிடத்துக்குப் பின் அதைப் பெற்ற சென்னைக் கணினி 13:10 என்று எழுதுகிறது. இரு பதிவுகளையும் நேர வரிசையில் அடுக்கினால், தரவு அனுப்பப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே பெறப்பட்டதாகத் தோன்றும். எந்தக் கணினியும் பழுதுபடாத போதிலும், பதிவின் வடிவம் உண்மையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

பழைய சிஸ்லாக் வழக்கத்தை 2001இல் விவரித்த ஆர்.எப்.சி. 3164 என்னும் ஆவணத்தின் நேரமுத்திரையில் மாதமும் நாளும் மணியும் உண்டு. ஆண்டு இல்லை, நேரவலயமும் இல்லை. 2009இல் அதன் இடத்தில் வந்த ஆர்.எப்.சி. 5424, ஆண்டையும் உலகப் பொதுநேரத்திலிருந்து உள்ள வேறுபாட்டையும் சேர்த்து எழுதச் சொன்னது. எனினும் பைத்தான் பதிவு நூலகத்தின் இயல்பான நேரமுத்திரை இன்றும் உள்ளூர் நேரத்தை மட்டுமே எழுதுகிறது. அதை மாற்றும் பொறுப்பு நிரலருடையது. அவர் உலகப் பொதுநேரத்தில் 07:35 என்று எழுதச் செய்யலாம். அல்லது உள்ளூர் நேரத்தோடு வேறுபாட்டையும் இணைத்து 14:05:09+06:30 என்ற வடிவில் எழுதச் செய்யலாம். முதலாவது பல நாட்டுப் பதிவுகளை ஒன்றுசேர்ப்பவருக்கு ஏற்றது. இரண்டாவது, கணினிக்கு அருகே இருந்து சுவர்க்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கும் உதவும்.

வேறுபாட்டை நிலையான எண்ணாக நிரலுக்குள் எழுதிவைப்பது மற்றொரு பிழை. நேரவலயங்கள் அரசாணைகளால் மாறுபவை. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது, 1942 முதல் 1945 வரை பர்மாவின் கடிகாரம் 9 மணி வேறுபாட்டில் ஓடியது. இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கும் மாறி, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. இத்தகைய மாற்றங்கள் அனைத்தையும் தொகுத்து வைத்திருக்கும் உலக நேரவலயத் தரவுத்தளத்தில், மியன்மாருக்கான பதிவு 2016இல் ‘ஆசியா/ரங்கூன்’ என்பதிலிருந்து ‘ஆசியா/யாங்கோன்’ எனப் பெயர் மாறியது. பழைய பெயரும் மாற்றுப்பெயராக ஏற்கப்படுகிறது. நிரல் இத்தரவுத்தளத்தை நாடினால், வலயத்தின் பெயரைச் சூழல் மாறி ஒன்றில் குறிப்பிட்டவுடன் சரியான நேரம் கிடைக்கும். சூழல் மாறி என்பது நிரல் தொடங்கும்போது இயங்குதளம் அதற்குக் கொடுக்கும் பெயரும் மதிப்புமான ஒரு குறிப்பு.

கடல்சார் கல்வி நடைபெறும் நகரம் என்ற வகையில் இங்கே ஓர் ஒப்புமை பொருந்தும். கப்பலின் பதிவேட்டில் நேரம், இடம், திசை, வேகம், வானிலை ஆகியவற்றை வரையறுத்த கட்டங்களில் எழுதுவதும், எந்த நேரக்கணக்கில் எழுதப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவதும், தவறாக எழுதியதை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையொப்பமிடுவதும் மாலுமிகளின் மரபு. கப்பல் வலயத்துக்கு வலயம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே சென்றாலும், விபத்து விசாரணையில் அப்பதிவேடு நம்பத்தகுந்த சான்றாக நிற்பதற்கு இந்த ஒழுங்கே காரணம். நிரலின் பதிவுக்கும் இதே ஒழுங்கு தேவை.

எழுத்தும் அகலமும்

நேரத்துக்கு அடுத்தபடி சிக்கல் மிகுந்தது எழுத்து. மியன்மாரில் பல ஆண்டுகள் கோலோச்சிய ‘ஜோஜி’ என்னும் எழுத்துரு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமாகிய ஒருங்குறி பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கியிருந்த அதே எண்களை வேறு முறையில் பயன்படுத்தியது. திரையில் ஒன்றுபோலத் தோன்றும் ஒரு சொல் இரு முறைகளில் இரு வேறு எண் தொடர்களாகச் சேமிக்கப்பட்டதால், ஒரு முறையில் எழுதப்பட்ட பெயரை மற்றொரு முறையில் தட்டிப் பதிவுக்கோப்பில் தேடினால் அது அகப்படாது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு முறைப்படி ஒருங்குறிக்கு மாறியது. அதற்கு முற்பட்ட பதிவுகளைக் கையாள்வோர், அவை எந்தக் குறியேற்றத்தில் உள்ளன என்பதை இன்றும் முதலில் கண்டறிய வேண்டியிருக்கிறது.

தமிழுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பல்வேறு குறியேற்றங்கள் வழங்கிய காலத்துக்குப் பின், 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறிக்குள்ளும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். ககரத்தோடு எகரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் சேமிக்கலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் சமமாகக் கருதினாலும், பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தேடல் நிரல் வேறுவேறாகவே கருதும். ஆகவே பெயர்களையும் சொற்களையும் பதிவில் எழுதும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் செயலைச் செய்வது பாதுகாப்பானது.

வரிகளை நெடுவரிசையாக ஒழுங்குபடுத்தும்போதும் இதே நுட்பம் தடையாகிறது. ‘பிழை’ என்ற சொல் தமிழருக்கு ஈரெழுத்து, ஒருங்குறிக்கு நான்கு குறிகள், யு.டி.எப்.-8 குறியேற்றத்தில் 12 பைட்டுகள். நிலையின் பெயருக்கு எட்டு இடம் ஒதுக்குமாறு வார்ப்புருவில் எழுதினால், நிரல் நான்கு இடம் நிரம்பியதாகக் கணக்கிட்டு நான்கு வெற்றிடங்களை மட்டும் சேர்க்கும். திரையில் எழுத்துகள் அடைக்கும் அகலம் வேறாக இருப்பதால் வரிசை கோணிப்போகும். ஆர்.எப்.சி. 3164 ஒரு செய்திக்கு விதித்த 1024 பைட் எல்லைக்குள், முன்குறிப்புகள் எதுவும் இல்லை என்று கொண்டாலும், தமிழிலோ பர்மியத்திலோ 341 குறிகளே அடங்கும். ஜேசன் என்னும் தரவு வடிவில் பைத்தான் எழுதும்போது இயல்பாகவே தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் பின்சாய்வுக்கோட்டோடு கூடிய எண் குறியாக மாற்றிவிடுகிறது. அதை நிறுத்தும் விருப்பத்தைத் தேர்ந்தால்தான் மனிதர் படிக்கத்தக்க தமிழ் கிடைக்கும்.

செய்தியை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பர்மியம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வழங்கும் ஊரில், பயனர் உடனே புரிந்து செயல்பட வேண்டிய செய்தி அவருடைய மொழியில் இருப்பதே முறை. குனூ ‘கெட்டெக்ஸ்ட்’ போன்ற கருவிகள் நிரலின் மூலத்தை மாற்றாமல் மொழிபெயர்ப்பைச் சேர்க்க வழி செய்திருக்கின்றன. ஆனால் தொலைவில் இருந்து பழுதை ஆராய்பவர் அதே செய்தியை வேறு மொழியில் தேடக்கூடும் என்பதால், செய்தி ஒவ்வொன்றுக்கும் மொழிக்கு ஏற்ப மாறாத ஒரு குறியீட்டு எண்ணைச் சேர்த்துவைப்பது இரு தரப்பாருக்கும் பயன்படும்.

நிறமும் இயந்திரமும்

கட்டளை தட்டும் திரையாகிய முனையத்தில் பிழையைச் சிவப்பாகவும் எச்சரிக்கையை மஞ்சளாகவும் காட்டுவது கண்ணுக்கு உதவுகிறது. 1976இல் எக்மா-48 தரமாக வரையறுக்கப்பட்டு, 1978இல் வந்த வி.டி.100 முனையத்தால் பரவலான கட்டுப்பாட்டுக் குறி முறையே இன்றும் இதற்குப் பயன்படுகிறது. சிவப்புக்கு 31, பச்சைக்கு 32, மஞ்சளுக்கு 33, பழைய நிலைக்குத் திரும்ப 0. இக்குறிகள் கோப்புக்குள் சென்றால் நிறமாகத் தோன்றாமல் புரியாத எழுத்துகளாகச் சிதறும். ஆகவே வெளியீடு முனையத்துக்குச் செல்கிறதா, கோப்புக்குச் செல்கிறதா என்பதை நிரல் தானே சோதித்து, கோப்பாயின் நிறத்தை விலக்க வேண்டும். ‘நோ கலர்’ என்ற பெயரில் ஒரு சூழல் மாறி இருந்தால் எந்த நிரலும் நிறம் சேர்க்கக் கூடாது என்ற வழக்கம் 2017இல் முன்வைக்கப்பட்டு, பல நிரல்களால் ஏற்கப்பட்டிருக்கிறது. நிறங்களைப் பிரித்தறிய இயலாத பார்வை உடையோரும் இருப்பதால், நிலையின் பெயர் எழுத்திலும் இடம்பெற வேண்டும்.

பதிவை இயந்திரம் படிக்கும் வாய்ப்பும் பெருகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளைத் திரட்டித் தேடும் கருவிகளுக்கு, நேரம், நிலை, செய்தி ஆகியவற்றைப் பெயரும் மதிப்புமாகப் பிரித்துக் காட்டும் ஜேசன் போன்ற வடிவமே ஏற்றது. மனிதக் கண்ணுக்கோ எளிய வரி ஏற்றது. ஒரே செய்தியைத் திரைக்கு ஒரு வார்ப்புருவிலும் கோப்புக்கு மற்றொரு வார்ப்புருவிலும் அனுப்ப முடிவது, வடிவத்தைத் தனியே பிரித்ததன் நேரடிப் பலன்.

எழுதக் கூடாதவை

வடிவத்தை மாற்றும் ஆற்றலுக்கு எல்லையும் வேண்டும். ஜாவா மொழி நிரல்களில் பரவலாகப் பயன்படும் ‘லாக்போர்ஜே 2’ என்னும் பதிவு நூலகம், செய்தியின் உள்ளே ஒரு குறிப்பிட்ட வகைத் தொடர் காணப்பட்டால் அது சுட்டும் தகவலை வெளியிலிருந்து பெற்று நிரப்பும் வசதியைக் கொண்டிருந்தது. வெளியார் தட்டிய எழுத்தும் பதிவுக்குள் செல்வதால், அத்தொடரைத் தட்டியே ஒருவர் தம் நிரலைப் பிறர் சர்வரில் ஓடவைக்க முடிந்தது. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட இக்குறைக்கு, கடுமை அளவீட்டில் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டது. வார்ப்புருவை நிரலரும் பயனரும் அமைக்கலாம். வெளியிலிருந்து வரும் எழுத்து வெறும் எழுத்தாகவே நடத்தப்பட வேண்டும் என்பது இதன் படிப்பினை. வெளியார் தரும் எழுத்தில் புதுவரிக் குறி இருந்தால் போலியான பதிவு வரியே உருவாகிவிடும் என்பதால், அக்குறியை மாற்றி எழுதுவதும் இன்றியமையாதது. பதிவில் எழுதவே கூடாத தகவல்களும் உண்டு. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உள்பதிவு ஒன்றில் எழுதப்பட்டிருந்ததை அறிவித்து, பயனர்கள் அனைவரும் அவற்றை மாற்றுவது நல்லது என்று கேட்டுக்கொண்டது. கடவுச்சொல், அட்டை எண், அடையாள எண் போன்றவற்றைப் பதிவு எழுதப்படும் முன்பே வடிகட்டி நீக்கும் உறுப்பு ஒன்று எந்த அமைப்பிலும் இருத்தல் வேண்டும்.

படிப்பவரின் உரிமை

என்ன நடந்தது என்பதை உண்மையாக எழுதுவது நிரலரின் கடமை. அது எந்த அளவில், எந்த நேரக்கணக்கில், எந்த எழுத்தில், எந்த வடிவில் தமக்குத் தோன்ற வேண்டும் என்பதைத் தேர்வது அதைப் படிப்பவரின் உரிமை. இந்த உரிமையை மதித்து எழுதப்பட்ட நிரல், ஆறரை மணி நேரக் கணக்கில் வாழும் தன்லியினிலும் ஐந்தரை மணி நேரக் கணக்கில் வாழும் தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுபோல உதவும். கட்டளைவரி நிரல் எழுதும் தமிழ் மாணவர்களும் பொறியாளர்களும் தம் நிரலை வெளியிடும் முன் அதன் நேரவலயத்தை ஆசியா/யாங்கோன் என்று மாற்றி, ஒரு தமிழ்ப் பெயரையும் ஒரு பர்மியப் பெயரையும் உள்ளீடாகக் கொடுத்து, கிடைக்கும் பதிவுக்கோப்பை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். அப்பதிவு பிழையின்றிப் புரியுமானால், அந்த நிரல் பிறர் கையில் கொடுக்கத் தகுதி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.